மூன்று பேர் திருத்திய வேர்ட் கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி?

கும்பாபிஷேக மலரோ முன்னாள் மாணவர் மலரோ, கடலூரில் எது தயாரானாலும் நடப்பது ஒன்றுதான். ஒரே கோப்பு வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்குப் போகும். மஞ்சக்குப்பத்துத் தமிழாசிரியர் ஒற்றுப்பிழை பார்ப்பார், நெய்வேலிக்காரர் ஆண்டுகளைச் சரிபார்ப்பார், புதுச்சேரியில் இருப்பவர் பத்தியையே மாற்றி எழுதுவார். மூன்றும் தனித்தனியாகத் திரும்பி வரும். அச்சகத்துக்குப் போக வேண்டியதோ ஒன்றுதான். அப்படி ஒரு மலரை இப்போதுதான் முடித்தேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். டிராக் சேஞ்சஸ் (செய்த திருத்தங்களை வேர்டே குறித்துக் காட்டும் வசதி) போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நீங்கள் முதலில் அனுப்பிய கோப்பை 'மூலம்' என்று பெயரிட்டு, யாருடைய திருத்தமும் அதில் சேராமல் வையுங்கள். திரும்பி வந்தவற்றுக்கு ஆள் பெயரை வையுங்கள்.

2. யார் திருத்தியது என்று தெரிகிறதா பாருங்கள். பிரவுசிங் சென்டரில் திருத்தியிருந்தால் எல்லாமே 'யூசர்' பெயரில் இருக்கும். டிராக் சேஞ்சஸ் போடாமலே திருத்தி அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. அந்தக் கோப்பில் எல்லாத் திருத்தங்களையும் அக்செப்ட் செய்துவிட்டு, ரிவ்யூ பகுதியில் உள்ள கம்பேர் கொண்டு 'மூலம்' கோப்போடு ஒப்பிடுங்கள். 'லேபிள் சேஞ்சஸ் வித்' பெட்டியில் அவர் பெயரைப் போட்டால் திருத்தங்கள் அவர் பெயரிலேயே புதிதாக வந்துவிடும்.

3. என் நேரத்தையெல்லாம் தின்றது இந்த இடம்தான். மலரில் தேவனாம்பட்டினம் கோட்டை பற்றி ஒரு கட்டுரை. சேர்த்துப் பார்த்தால் 'கோட்டை' என்ற சொல் வந்த இடமெல்லாம் அடிக்கப்பட்டு, பக்கத்திலேயே அதே 'கோட்டை' சேர்க்கப்பட்டிருந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. காரணம் யூனிகோடு, அதாவது கணினி எழுத்துகளைக் குறித்து வைக்கும் முறை. 'கோ'வில் உள்ள துணைக்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை அடிக்கடி வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேர்டுக்கு அவை வெவ்வேறு சொல்.

டிராக் சேஞ்சஸை நிறுத்திவிட்டு, மூலம் உட்பட எல்லாக் கோப்புகளிலும் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போடுங்கள். இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் ஒற்றைக் குறியான ஓகாரம். ஒற்றைக்கொம்பும் காலும் வந்தால் ஒகரம். தேடும் பெட்டியில் அடிக்க விண்டோஸில் உள்ள இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை வசதி. அதில் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி விசை உண்டு. ஆனால் 'கெளரவம்', 'கௌரவம்' சிக்கலை (ஒன்றில் இருப்பது கொம்பும் 'ள' எழுத்தும், மற்றதில் ஔகாரக் குறி) மட்டும் இப்படி ஒரேயடியாக மாற்றாதீர்கள். 'வெள்ளம்', 'பள்ளி வெளியீடு' எல்லாம் சிதைந்துவிடும். அதைச் சொல் சொல்லாகத்தான் பார்க்க வேண்டும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு மேலே சொன்ன கம்பேர் வழிதான்.

4. இனிச் சேர்க்கலாம். ரிவ்யூ, கம்பேர், அதற்குள் கம்பைன். ஒரிஜினல் இடத்தில் மூலம், ரிவைஸ்டு இடத்தில் தமிழாசிரியரின் கோப்பு. 'மோர்' அழுத்தி, ஃபார்மேட்டிங் டிக்கை எடுத்துவிடுங்கள். 'வேர்ட் லெவல்' இருக்கட்டும். 'கேரக்டர் லெவல்' போட்டால் மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் தனியாகச் சிவப்பில் நிற்கும், படிக்கவே முடியாது. முடிவு 'நியூ டாக்குமென்ட்'டில் வரட்டும். அதைச் சேமித்து, அதோடு அடுத்தவர் கோப்பைக் கம்பைன் செய்யுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு கோப்புதான்.

தட்டச்சுக்கு எனக்கு லிப்ரே ஆபீஸ்தான் பிடிக்கும். அதிலும் எடிட், டிராக் சேஞ்சஸ், மெர்ஜ் டாக்குமென்ட் என்று உண்டு. ஆனால் பதிவான திருத்தங்களைத் தவிர மற்ற உரை அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று அது அடம்பிடிக்கும். அதனால் இந்த ஒரு வேலைக்கு வேர்ட்.

5. 'அக்செப்ட் ஆல்' பக்கம் உடனே போகாதீர்கள். மூலத்தில் இருந்த வரி இது: 'ஆங்கிலேயர் 1690இல் இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கினர்.' ஒருவர் கடைசிச் சொல்லை 'விலைக்கு வாங்கினார்கள்' என்று மாற்றியிருந்தார், இன்னொருவர் 'பெற்றனர்' என்று. எல்லாவற்றையும் ஏற்றால் கிடைப்பது 'விலைக்கு வாங்கினார்கள்பெற்றனர்'.

ஷோ மார்க்கப்பில் 'ஸ்பெசிஃபிக் பீப்பிள்' போய், ஒற்றுப்பிழை பார்த்தவரை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ் ஷோன்' கொடுத்தால் பாதிக் கூட்டம் குறைந்துவிடும். மீதியை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: 'நோ மார்க்கப் போட்டுவிட்டேன், அச்சகத்தில் திறந்தால் சிவப்பாக வருகிறதே' என்று ஒரு நண்பர் கேட்டார். அது திருத்தங்களை மறைக்கும், நீக்காது. எல்லாவற்றையும் ஏற்றோ மறுத்தோ முடித்த பிறகே அனுப்புங்கள்.

கூகுள் டாக்ஸில் வேலை செய்தவர்களுக்கு: 'சஜெஸ்டிங்' முறையில் திருத்தியிருந்தால், வேர்ட் கோப்பாக இறக்கும்போது அவை டிராக் சேஞ்சஸாகவே வரும். பிறகு நான்காம் படி.