துப்பாக்கி லைசென்ஸ் மறுக்கப்பட்டாலோ ரத்தானாலோ மேல்முறையீடு செய்வது எப்படி

துப்பாக்கி லைசென்ஸ் கேட்ட மனு “பரிசீலித்து நிராகரிக்கப்படுகிறது” என்று திரும்பி வந்தால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். சிலர் அதே கலெக்டருக்கு இன்னொரு மனு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதற்குள் மேல்முறையீட்டுக்கான நாள் கடந்துபோகும். ஆயுதச் சட்டம், 1959-இன் 18-ஆம் பிரிவு மேல்முறையீட்டை ஓர் உரிமையாகவே தருகிறது. லைசென்ஸ் மறுப்பு, ரத்து, தற்காலிக நிறுத்தம், நிபந்தனையை மாற்றுவது என நான்குக்கும் அது பொருந்தும்.

துப்பாக்கி எல்லோர் கையிலும் இருக்க வேண்டிய பொருள் இல்லை. சட்டம் கண்டிப்பாக இருப்பது சரிதான். ஆனால் வங்கிக் காவல் வேலையில் இருக்கும் முன்னாள் ராணுவ வீரருக்கு லைசென்ஸ் போனால் வேலையும் போய்விடும். அப்படிப்பட்டவருக்குக் காரணம் சொல்லாமல் ஒரு வரியில் மறுப்பது அநியாயம்.

முதலில் துப்பாக்கியை ஒப்படையுங்கள்

இது ரத்தானவர்களுக்கும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டவர்களுக்கும் மட்டும். மேல்முறையீடு போட்டுவிட்டதாலேயே உத்தரவு நின்றுவிடாது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது சிறைத்தண்டனைக்குரிய தனிக் குற்றம். அதனால் தாமதிக்காமல் லைசென்ஸ் புத்தகத்தை உரிமம் வழங்கிய அலுவலகத்திலும், துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரசீது பிறகு உங்கள் பக்கம் பேசும்.

(தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது வேறு. அது லைசென்ஸ் ரத்து இல்லை. தேர்தல் முடிந்ததும் திரும்பக் கிடைக்கும்.)

உத்தரவை நிதானமாகப் படியுங்கள்

தமிழ்நாட்டில் மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகமும், மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகமும் இந்த உத்தரவைப் போடுகின்றன. அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: ந.க. எண் (அலுவலகக் கோப்பின் எண்), தேதி, “பார்வை” என்ற பகுதி. யாருடைய அறிக்கையை நம்பி முடிவெடுத்தார்கள் என்பது அந்தப் பார்வையில் வரிசையாக இருக்கும். காவல் துறை அறிக்கையா, வருவாய்த் துறை அறிக்கையா, வனத்துறைக் கடிதமா? நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்தத் தாள்களுக்குத்தான்.

மேல்முறையீட்டுக்கு 30 நாள். உத்தரவு கைக்கு வந்த தேதி தெரியும்படி தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் நாளை எண்ணும்போது உத்தரவில் உள்ள தேதியிலிருந்தே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு. தாமதமாகிவிட்டால் தக்க காரணத்தை ஆதாரத்தோடு சொல்லி, தாமதத்தை மன்னிக்கும்படி தனி மனு சேர்க்கலாம்.

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதுதான் முக்கியமான படி. மறுத்தாலும் ரத்து செய்தாலும் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், கேட்டால் சுருக்கமாகக் கொடுக்கவும் வேண்டும் என்கின்றன 14, 17 ஆகிய பிரிவுகள். பொதுநலன் கருதித் தர முடியாது என்று அதிகாரி கருதினால் மட்டுமே விலக்கு. ஆகவே உத்தரவு வந்த உடனேயே காரணம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அதே நாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்வையில் உள்ள அறிக்கைகளின் நகலையும் கேளுங்கள். அந்தப் பதில் வரவே 30 நாள் ஆகலாம் என்பதால் அதற்காக மேல்முறையீட்டை நிறுத்தி வைக்காதீர்கள். பதில் வந்ததும் கூடுதல் காரணங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

காரணத்துக்குப் பதில் எழுதுங்கள்

நான் நேர்மையானவன், குடும்பப் பெருமை உள்ளவன் என்று பக்கம் பக்கமாக எழுதுவதால் பயனில்லை. அதிகாரி சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பதில், அதற்கு ஓர் ஆவணம். அவ்வளவுதான்.

“உயிருக்கு அச்சுறுத்தல் இல்லை” என்று மறுத்தால், முதலில் எந்த வகைத் துப்பாக்கி கேட்டீர்கள் என்று பாருங்கள். பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியை இந்தியக் குடிமகன் கேட்டாலும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்டாலும், 14-ஆம் பிரிவின் தடை எதுவும் இல்லாவிட்டால் வழங்க வேண்டும் என்பதே 13-ஆம் பிரிவின் வாசகம். கைத்துப்பாக்கி போன்றவற்றுக்குத்தான் “தக்க காரணம்” இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கிறார்கள். அப்போது முன்பு கொடுத்த புகார்கள், சி.எஸ்.ஆர். ரசீதுகள் (புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது), பணம் எடுத்துச் செல்லும் தொழில் என்றால் அதற்கான கணக்குகள் ஆகியவற்றை இணைக்கவும்.

“குற்ற வழக்கு உள்ளது” என்பது அடிக்கடி வரும் காரணம். எஃப்.ஐ.ஆர்., வழக்கின் இப்போதைய நிலை, விடுதலையாகியிருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஆகிய மூன்றையும் வையுங்கள். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே ரத்துக்குப் போதாது, பொது அமைதிக்கு அதனால் என்ன ஆபத்து என்று அதிகாரி சொல்ல வேண்டும் என உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் கூறியுள்ளன. ஆனால் அந்தத் துப்பாக்கியையே காட்டி மிரட்டியதாக வழக்கு என்றால் நிலைமை வேறு. அங்கே வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் வைத்து மறுக்கவே முடியாது. 14-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவை எடுத்துக் காட்டினால் போதும். விண்ணப்பத்தில் விவரத்தை மறைத்தீர்கள் என்ற காரணம்தான் கடினமானது. மழுப்பாமல், அந்த விவரம் ஏன் விடுபட்டது, அது ஏன் முடிவைப் பாதிக்காது என்று எழுதுங்கள்.

ரத்துக்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்ததா? வரவில்லை என்றால் அதையே முதல் காரணமாக வையுங்கள்.

மனுவைத் தாக்கல் செய்யுங்கள்

யாரிடம் மேல்முறையீடு என்பது உத்தரவைப் போட்டவரைப் பொறுத்தது. உத்தரவின் கடைசியில் இல்லையென்றால் அந்த அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். அரசே நேரடியாகப் போட்ட உத்தரவு, அல்லது அரசு சொல்லிப் போட்ட உத்தரவு என்றால் இந்த மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றம்தான் வழி.

மனுவோடு உத்தரவின் நகல், காரணக் குறிப்பு கிடைத்திருந்தால் அது, கட்டண ரசீது, துப்பாக்கியை ஒப்படைத்த ரசீது, ஆதார ஆவணங்கள் எல்லாம் போக வேண்டும். தீர்ப்பு வரும்வரை உத்தரவை நிறுத்தி வைக்க வேண்டும் என்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தானாகத் தரமாட்டார்கள். நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், அல்லது ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள்.

விசாரணையும் அதற்கு அப்புறமும்

உங்கள் தரப்பைக் கேட்க வாய்ப்புக் கொடுக்காமல் மேல்முறையீட்டை முடிக்கக் கூடாது. விசாரணைக்கு அசல் ஆவணங்களோடு போங்கள். சொல்ல வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதி அங்கேயே கொடுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாமல் போகலாம்.

அங்கு வரும் முடிவு சட்டப்படி இறுதியானது. அதற்கு மேல், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். நடைமுறை மீறப்பட்டதா, காரணம் இல்லாமல் முடிவெடுத்தார்களா என்பதையே நீதிமன்றம் முக்கியமாகப் பார்க்கும். பல நேரம் மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பும்.

ரத்தானவர் வென்றாலும், லைசென்ஸ் திரும்பக் கைக்கு வந்த பிறகே துப்பாக்கியை எடுக்கப் போக வேண்டும். மேல்முறையீடு நடக்கும்போதே லைசென்ஸின் காலம் முடிவதாக இருந்தால், புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும் உரிய காலத்தில் தனியாகப் போட்டு ஒப்புகை வாங்கிவிடுங்கள்.