மாரிக்கால மாலைக்கு ஒரே சட்டியில் கூனி முருங்கையிலைக் கஞ்சி

ஐப்பசியில் தொடங்கும் மழை தை வரையில் விட்டுவிட்டுப் பெய்யும் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது என்றாலும், ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் வாடைக்காற்று எலும்புவரை குளிரும். வெயிலையே காணாத அத்தகைய நாளின் மாலையில் சோறு, கறி, சொதி என்று தனித்தனியாக அடுப்பேற்ற மனம் வராது. ஒரு கோப்பை சூடான கஞ்சி கிடைத்தால் போதும் என்றிருக்கும். 2022 ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது இராச் சாப்பாட்டை ஒரே சட்டியில் முடித்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் ஊன்றியது. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் இந்தக் கஞ்சி நிலைத்துவிட்டது.

சமையலுக்குப் புதியவர்கள் பலர், ஒரே சட்டியில் சமைப்பது என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அவித்துவிடுவது என்று எண்ணுகிறார்கள். அப்படி அவித்தால் இலை கருத்து, பால் திரைந்து, இறால் வாசம் சுவையாக மாறாமல் வெடுக்காக நின்றுவிடும். எந்தப் பொருள் எந்த நேரத்தில் சட்டிக்குள் போகிறது என்பதைக் கவனித்துக்கொண்டால் மற்றவை தாமாக அமையும்.

தேவையானவை

நான்கு பேருக்குச் சிவப்புப் பச்சையரிசி 150 கிராம், கோதுடைத்த பயறு 50 கிராம், உலர்ந்த கூனி (மிகச் சிறிய இறால்) 40 கிராம், ஆய்ந்த முருங்கையிலை இரண்டு கைப்பிடி, ஒரு தேங்காய், சின்ன வெங்காயம் பத்து, உள்ளி ஆறு பல், விரல் கணு அளவு இஞ்சி, பச்சைக் கொச்சிக்காய் இரண்டு, மிளகும் நற்சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, ஒரு துண்டு றம்பை (மணத்துக்குப் போடும் இலை), கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அரைத் தேசிக்காய், உப்பு ஆகியவை வேண்டும்.

கூனியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மாரியில் கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையில் ஏறிக் கிடக்கும் நாட்களில் நல்ல மீனும் இறாலும் விலையேறிவிடும். வெயில் காலத்தில் காயவைத்த கூனி அப்போதுதான் கைகொடுக்கும். வாவி இறால் மலிவாகக் கிடைத்தால் அதையும் போடலாம், ஆனால் இந்தக் கஞ்சிக்கு உரிய ஆழ்ந்த சுவை உலர்ந்த கூனியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கூனியும் ஒவ்வாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சட்டியைப் பொறுத்தவரை வாய் அகன்ற மண்சட்டியையே பரிந்துரைப்பேன். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் கஞ்சி அடிப்பிடிக்கும். பிரஷர் குக்கரில் அரிசி விரைவாக வெந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் இடையிடையே கிண்டிக் கஞ்சியின் பதத்தைப் பார்க்க முடியாது. மண்சட்டி இல்லாதவர்கள் அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தைப் பயன்படுத்தலாம். கிண்டுவதற்குச் சிரட்டை அகப்பை நல்லது. அது சட்டியின் அடியைச் சுரண்டாது.

செய்முறை

முதலில் அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, கிரைண்டரில் இரண்டு மூன்று முறை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக் குறுணலாக உடைத்துக்கொள்ளுங்கள். மாவாகிவிட்டால் கஞ்சி பசையாகிவிடும். முழு அரிசியாகவே போட்டால் முக்கால் மணி நேரம் வேகவேண்டியது, உடைத்த பிறகு அரை மணிக்குள் வெந்துவிடும்.

அரிசி ஊறும் நேரத்தில் கூனியைச் சுத்தம் செய்யலாம். மணலில் காய்ந்த கூனி என்றால் கட்டாயம் மண் ஒட்டியிருக்கும். அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பிக் கூனியைப் போட்டு ஒருமுறை அளைந்தால் மண் அடியில் தங்கும், கூனி மேலே நிற்கும். மேலே நிற்பதைக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். வடியில் ஊற்றினால் அடியில் தங்கிய மண் மறுபடியும் கூனியோடு சேர்ந்துவிடும். பாத்திரத்தின் அடி சுத்தமாகத் தெரியும்வரை நீரை மாற்றி இதையே செய்யுங்கள். நீரில் ஊறப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகவேண்டாம், சுவை நீரோடு போய்விடும்.

வெறுஞ்சட்டியில் பயற்றைப் போட்டு மெல்லிய தீயில் மணம் வரும்வரை வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் எண்ணெய் ஊற்றிக் கூனியைப் போடுங்கள். முதலில் ஈர வாசம் எழும்பும். அது அடங்கி, கூனி மொறுமொறுப்பாகி, சிவந்த நிறம் வரும்வரை பொறுமையாக வறுக்க வேண்டும். பின்பு வெட்டிய வெங்காயம், தட்டிய உள்ளி, இஞ்சி, கீறிய கொச்சிக்காய், றம்பை, கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து வெங்காயம் வதங்கியதும் மஞ்சளைத் தூவி, அரிசியையும் பயற்றையும் போட்டு ஒரு கிண்டு கிண்டி, ஒன்றரை லீற்றர் சுடுநீர் ஊற்றுங்கள். சூடேறிய மண்சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சட்டி வெடிக்கக்கூடும் என்பதால் நீர் சூடாகவே இருக்க வேண்டும்.

நீரின் அளவு அரிசியைப் பொறுத்து மாறும். பெரும்போக வெள்ளாமை மாசி, பங்குனியில்தான் வெட்டப்படும் ஆகையால், கார்த்திகை, மார்கழியில் வீட்டிலிருப்பது சில மாதங்களாவது இருந்து பழகிய அரிசி. அது நீரை நன்றாகக் குடிக்கும். இதையே புது அரிசியில் செய்பவர்கள் நீரில் ஒரு கோப்பையைக் குறைத்துக்கொள்ளட்டும்.

கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அரை மூடியாக மூடி, அவ்வப்போது அடியோடு கிண்டிவிடுங்கள். அரிசியும் பயறும் மசிந்து வரும்போது மிளகையும் நற்சீரகத்தையும் சின்னக் கல்லுரலில் கொறகொறப்பாக இடித்துச் சேர்க்க வேண்டும். தூளாக வாங்கிய மிளகில் காரம் மட்டும் மிஞ்சியிருக்கும், மணம் இராது.

தேங்காய்ப்பால்

பெரும்பாலானவர்களுக்குக் கைதவறும் இடம் இதுதான், ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தேங்காய்ப்பூவில் ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிழிந்தால் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் முதற்பால் வரும். அதே பூவில் மறுபடியும் நீர் விட்டு 500 மில்லிலீற்றர் இரண்டாம் பாலை எடுத்துத் தனியே வையுங்கள். இரண்டையும் கலந்துவிடக் கூடாது. தேங்காய்ப்பால் என்பது நுண்ணிய எண்ணெய்த் துளிகள் நீரில் மிதந்து நிற்கும் கலவை. துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தாங்கி நிற்பது அதிலுள்ள புரதம். பால் 80 பாகையைத் தாண்டிச் சூடேறும்போது அந்தப் புரதம் உறையத் தொடங்கும், புளிப்புச் சேர்ந்தால் இன்னும் விரைவாக உறையும். தாங்குவதற்கு ஆளில்லாத எண்ணெய் பிரிந்து மேலே படரும், உறைந்த புரதம் சிறு திரிகளாகக் கஞ்சியில் மிதக்கும். உண்பதற்குத் தீங்கில்லை என்றாலும், கஞ்சியின் வழவழப்பு போய்விடும்.

இரண்டாம் பாலில் எண்ணெய் குறைவு. அரிசி வெந்து கஞ்சி கெட்டியான பிறகு அதை ஊற்றினால், கரைந்த மாப்பொருள் துளிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே அது சில நிமிடம் மெல்லக் கொதிக்கலாம். அந்தக் கொதியில்தான் முருங்கையிலையைப் போட வேண்டும். இலை போட்ட பிறகு சட்டியை மூடாதீர்கள்: மூடினால் இலையிலிருந்து ஆவியாகும் அமிலங்கள் வெளியேற வழியின்றிச் சட்டிக்குள்ளேயே தங்கி, பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். மூன்று, நான்கு நிமிடங்கள் போதும்.

அடுத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆம், முதற்பால் ஊற்றுவதற்கு முன்பாகவே அணைக்க வேண்டும். மண்சட்டி தீ நின்ற பிறகும் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், கொதி முற்றாக அடங்கும்வரை ஓரிரு நிமிடம் காத்திருந்து, முதற்பாலை நூல்போல ஊற்றிக்கொண்டே அகப்பையால் ஒரே திசையில் மெல்லக் கிண்டுங்கள். பால் சூடேறுவதற்குச் சட்டியின் வெம்மையே போதும். உப்பை இப்போது பார்க்கலாம். கூனியில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் தொடக்கத்தில் போட்டால் கரித்துவிடும். தேசிக்காயைச் சட்டியில் பிழியவே வேண்டாம். கோப்பையில் ஊற்றிய பிறகு அவரவர் விருப்பத்துக்குச் சில துளி விட்டுக்கொள்ளட்டும்.

பின்னர் சேர்த்தவை

இந்தக் குறிப்பைப் படித்தவர்கள் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே விடை சொல்கிறேன்.

கந்தசஷ்டி, திருவெம்பாவைக் காலங்களில் பல வீடுகளில் மச்சம் சேராது. அப்போது கூனிக்குப் பதிலாகப் பூசணித் துண்டுகளைச் சேர்த்து, பயற்றை இரு மடங்காக்கி, சற்றுக் கூடுதலாகச் சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். சுவை வேறாகும், குறையாது.

தடிமன் பிடித்தவர்கள் முருங்கையிலைக்குப் பதிலாக முசுமுசுக்கையைப் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் அந்த இலை சுணையுள்ளது. முழுதாகப் போட்டால் தொண்டையில் உராயும். அரைத்துச் சாறு பிழிந்து, இரண்டாம் பாலோடு சேர்த்து ஊற்றுங்கள்.

பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் மாவைப் பாவிப்பவர்கள் அதை இளஞ்சூட்டு நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மேலே சொன்ன ஒழுங்கிலேயே ஊற்றலாம். பல வகைகளில் பசும்பால் புரதம் சேர்க்கப்பட்டிருப்பதால் அது எளிதில் திரையாது. மணம் மட்டும் மட்டாக இருக்கும். பசும்பாலை விலக்குபவர்கள் பெட்டியிலுள்ள விபரத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. கனடாவிலும் இங்கிலாந்திலும் உண்மையான பனிக்குளிரில் இதைச் சமைப்பவர்கள், தமிழ்க் கடைகளில் கிடைக்கும் உறைந்த முருங்கையிலையை உருகவிடாமல் அப்படியே கொதியில் போடட்டும்; உருகவிட்டுப் போட்டால் இலை குழைந்துவிடும்.

மிஞ்சிய கஞ்சியைப் பற்றித்தான் பலரும் கேட்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சி மழைக்காலத்திலும் இரவு முழுவதும் வெளியில் இருந்தால் புளித்துவிடும். மறுநாளுக்கும் வேண்டும் என்றால், பாலும் இலையும் சேர்ப்பதற்கு முன்பே அந்தப் பங்கை எடுத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் அது இறுகியிருக்கும். சுடுநீர் விட்டு இளக்கி நன்றாகக் கொதிக்கவைத்து, இலையைப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு புதிதாகப் பிழிந்த முதற்பாலை ஊற்றிக்கொள்ளுங்கள்.