புல் வெட்டும் மெஷின் சீராக ஓடவில்லையா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

வேலூர்ப் பக்கம் பங்குனியில் புல் காய ஆரம்பித்ததும் மெஷினை ஓரங்கட்டிவிடுவோம். அப்புறம் சாயங்கால இடிமழை நாலைந்து விழுந்து, அருகும் கோரையும் கணுக்காலைத் தாண்டியதும்தான் அதன் ஞாபகமே வரும். கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் ரேஸ் தானாக ஏறும், தானாக இறங்கும், கனமான புல்லில் விட்டால் திணறி நின்றுபோகும். காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்ததும் எஞ்சின் போச்சு என்று பயந்துவிடுகிறார்கள். எஞ்சினுக்குள் பெரிய கோளாறு இருப்பது அபூர்வம். கத்திரி வெயில் முழுக்க டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல்தான் என் முதல் சந்தேகம்.

நான் சொல்வது தள்ளிக்கொண்டு போகும், நாலு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர் மெஷினுக்கு. வீட்டில் இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரும் இருந்தால் முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அதற்கென ஆயில் கலந்து வைத்த பெட்ரோலை யாராவது இதில் ஊற்றியிருக்கலாம். புகையும் கரி பிடித்த ஸ்பார்க் பிளக்கும் அதனாலேயே வரும்.

முதலில் காது கொடுங்கள்

வெட்டவெளியில் வைத்து ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்துவிடும். ரேஸ் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் பெட்ரோல் போதவில்லை. தாளமே இல்லாமல் இடையிடையே விட்டு விட்டு அடித்தால், அதாவது மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்று சொல்வது போல இருந்தால், பிளக் பக்கம் பாருங்கள். சத்தம் சீராக இருந்து கைப்பிடி மட்டும் உதறினால் அது பெரும்பாலும் பிளேடு கோளாறு. கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு நின்றுபோனால் டேங்க் மூடியை லேசாகத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போது நிற்காமல் ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, கழுவினால் வேலை முடிந்தது.

சோக் லீவர், அதாவது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தரும் லீவர், உள்ள மெஷினில் இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடானபின் சோக்கைப் பாதி இழுங்கள். ஏறி இறங்குவது நின்று சீரானால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் மெல்லிய துளை, அதாவது ஜெட், அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கார்புரேட்டரை மாட்டியிருக்கும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வழியாகக் காற்று கசிய வேண்டும். ஒரு பொருளையும் கழற்றாமல் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

இனி கை வைக்கலாம்

எஞ்சின் ஆறட்டும். பிளக் மூடியைப் பிடுங்கி, பிளக்கைத் தொடாதபடி தள்ளி ஒதுக்கி வையுங்கள். இதை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள். பிளேடைக் கையால் திருப்பும்போது எஞ்சின் ஒரு தடவை பற்றிக்கொண்டாலும் விரல் போய்விடும்.

பழைய பெட்ரோலை முழுதாக இறக்குங்கள், ஆயில் கலக்காத புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, சின்ன எஞ்சின்கள் பலவற்றின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் சொல்லியிருக்கும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும், கார்புரேட்டருக்கு முதலில் போவதும் அந்த அடித்தண்ணீர்தான். இறக்கிய பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள், அடியில் தனி அடுக்கு தெரிந்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது.

அடுத்து ஏர் ஃபில்டர். நம் ஊர்ப் புழுதிக்கு இது சீக்கிரமே அடைக்கும். பஞ்சு போன்ற ஃபோம் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, எஞ்சின் ஆயில் சில சொட்டு விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டரைத் தட்டி மட்டும் எடுங்கள், தண்ணீர் பட்டால் வீணாகிவிடும். ஃபில்டரில் எஞ்சின் ஆயில் வழிய ஊறியிருந்தால் மெஷினைத் தப்பான பக்கம் சாய்த்திருக்கலாம். பொதுவாக ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேலே இருக்கும்படிதான் சாய்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஃபில்டர் அடைப்பு, வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. ஸ்பார்க் தாவும் பிளக் முனை இடைவெளி பல மெஷின்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. ஆக்ஸா பிளேடை நுழைத்துப் பார்க்கும் பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்களில் உண்டு, ஆனால் அதன் கனம் 0.6 பக்கம்தான், இடைவெளி குறைந்துவிடும். இடைவெளி அளக்கும் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. பிளக் பழசாக இருந்தால் யோசிக்காமல் அதே நம்பரில் புதுசு மாற்றுங்கள்.

கார்புரேட்டர்

இதுவரை செய்தும் ஏறி இறங்குகிறது என்றால் இங்கேதான் வந்தாக வேண்டும். என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். கவர்னர் என்ற பாகம் வேகம் விழுந்தால் கார்புரேட்டரைத் திறக்கும், கூடினால் மூடும். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை மிக மெல்லியது, பழைய பெட்ரோல் ஆவியாகி மிஞ்சிய பிசின் அதில்தான் முதலில் அடைக்கும். பெட்ரோல் போதாமல் வேகம் விழுகிறது, கவர்னர் திறக்கிறது, மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வந்து வேகம் தூக்குகிறது, கவர்னர் மூடுகிறது, மறுபடி பட்டினி. இதைப் பார்த்துவிட்டுக் கவர்னர் ஸ்பிரிங்கை வளைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதை வளைத்தால் எஞ்சின் அளவு மீறிய வேகத்தில் ஓடிப் பிளேடே தெறிக்கும் ஆபத்து உண்டு.

எந்தக் கம்பி எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் டேப்பை மூடி, கீழே கிண்ணம் போல இருக்கும் பவுலின் போல்ட்டைக் கழற்றுங்கள், பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும். சில மாடலில் அந்த போல்ட்டே ஜெட், அதன் பக்கத் துளைகளையும் பாருங்கள். பவுலில் தண்ணீர், பச்சைப் படிவு, துரு எல்லாம் துடைத்து எடுங்கள். ஜெட்டுகளைச் சரியான அளவு திருப்புளியால் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். குத்தியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய செம்பு இழை மட்டும். ஊசி, இரும்புக் கம்பி துளையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கரும்புகைதான். கேஸ்கட் கிழிந்திருந்தால் புதுசு போட்டு, கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சீராக முடுக்குங்கள்.

கல்லில் அடித்த பிறகு ஆரம்பித்ததா?

அப்படியானால் மேலே சொன்னதை விட்டு நேராக இங்கே வாருங்கள். மலையடிவார மனைகளில் புல்லுக்குள் கருங்கல் ஒளிந்திருப்பது சாதாரணம். பிளேடு கல்லில் இடித்தால் எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலை ஷாஃப்ட்டோடு பிடித்திருக்கும் சின்னச் சாவி வெட்டுப்படும் அல்லது நகரும், ஸ்பார்க் வரும் நேரம் மாறிவிடும். கயிறு கையைப் பிடுங்கும், சைலன்சரில் வெடிச் சத்தம் வரும். பிளேடு போல்ட் தளர்ந்தாலும் ஓட்டம் கெடும். பிளக் மூடியைப் பிடுங்கி ஒதுக்கிவிட்டு போல்ட்டை நீங்களே முடுக்கலாம், ஃபிளைவீல் கழற்ற புல்லர் என்ற கருவி வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். எடுத்துப் போகும்போது “ஓடலை” என்று மட்டும் சொல்லாமல், பெட்ரோல் மாற்றியாயிற்று, பிளக் புதுசு, ஜெட் சுத்தம், சோக் இழுத்தால் இப்படி ஆகிறது, கல்லில் இடித்தது என்று வரிசையாகச் சொல்லுங்கள். அவர் நேராகச் சாவியையும் வால்வ் இடைவெளியையும் கம்ப்ரஷனையும் பார்ப்பார்.