குழந்தையின் மூளை இரத்தக்குழாய்ப் பிறழ்வு: பெற்றோர் செய்ய வேண்டியவை

மூளையில் தமனியும் சிரையும் இடையில் நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கொள்ளும் இக்கோளாறில், அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்து இரத்தம் கசியலாம். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரெனத் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாலோ, ஒரு பக்கக் கைகால் தளர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, வெயில் கோளாறு என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளவும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் (நம் பக்கத்தில் இன்னும் விடாத வழக்கம்) பயனில்லை, வாயில் தண்ணீர் ஊற்றுவதோ ஆபத்து. ஆஸ்பிரின் கூடாது.

தாராபுரம், கோபி போன்ற ஊர்களில் இருப்போர், கோவையில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமா என்பதை முதலில் பார்க்கும் மருத்துவரிடமே கேட்கலாம். அவசரத்தில் சி.டி. ஸ்கேன் கசிவைக் காட்டும். பின்னலின் அமைப்பை மூளை இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் தெளிவாக்கும். கதிர்வீச்சுச் சிகிச்சையில் பின்னல் அடைபட 2 முதல் 3 ஆண்டுகள்வரை ஆகலாம். அதுவரை கசியும் அபாயம் நீங்காது என்பதால், மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடக் கூடாது.