நெல்லில் நுழைத்த மரபணு எத்தனை நகல்? எண்ணும் முறை

ராயபுரத்தில் நான் நடத்தும் சிறிய மூலக்கூறு உயிரியல் பயிற்சிக்கூடத்துக்குத் தண்டையார்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வரும் முதுகலை மாணவர்கள், எந்தக் கருவியில் ஓட்டினால் நகல் எண்ணிக்கை சரியாக வரும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எதை எண்ணப் போகிறோம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். செடிகளுக்குள் மரபணுவைக் கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா வழியாக நெல்லுக்குள் சென்ற டி-டி.என்.ஏ. (அது கடத்தும் டி.என்.ஏ. துண்டு) எத்தனை இடங்களில் பதிந்திருக்கிறது என்பது ஒரு கணக்கு. மொத்தம் எத்தனை நகல்கள் உள்ளன என்பது வேறு கணக்கு. இணைக் குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் இருக்கிறதா, இரண்டிலும் இருக்கிறதா என்பது மூன்றாவது. ஒரே இடத்தில் இரண்டு நகல்கள் அடுத்தடுத்துப் பதிந்த செடியின் விதையிலிருந்து இரு குரோமோசோம்களிலும் அதைப் பெற்ற கன்று வளர்ந்தால், அதில் இடம் ஒன்று, நகல் நான்கு. நோட்டில் வெறும் எண்ணை மட்டும் எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே பொருள் விளங்காது.

அடுத்து டி.என்.ஏ. பிரிப்பு. இதில் காட்டும் பொறுமையே பின்னால் வரும் எல்லா முறைகளையும் காப்பாற்றுகிறது. இளம் இலை 100 மில்லிகிராம் போதும். கட்டுப்பாட்டுப் பசுங்குடிலிலிருந்து உரிய ஒப்புதலுடன் வரும் இலைகளைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வாங்குகிறோம். கடற்காற்றின் ஈரத்தில் நீல மணிகள் சீக்கிரமே இளஞ்சிவப்பாகிவிடும் என்பதால், டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நிறத்தைப் பாருங்கள். இலையை நன்றாக அரைத்து, செல்களை உடைத்து டி.என்.ஏ.வை வெளிக்கொணரும் சி.டி.ஏ.பி. கரைசலில் 65 பாகை செல்சியஸில் வைத்து, குளோரோஃபார்மால் பிரித்து, ஆர்.என்.ஏ.வை நொதியால் நீக்குங்கள். பனிக்கட்டிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கும் உடைத்த ஐஸே போதுமானது; குழாய்களின் வாய் ஐஸ்நீரில் மூழ்காமல் பார்த்துக்கொண்டால் சரி. தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் அளவுகளில் 260/280 (நானோமீட்டர்) விகிதம் 1.8 அளவிலும் 260/230 விகிதம் 2-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இரண்டாவது விகிதம் தாழ்ந்தால் சர்க்கரைப் பொருள்களோ உப்போ தங்கியிருக்கக்கூடும், அவை பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதியைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) நொதியைத் தடுக்கும்.

திசு வளர்ப்பிலிருந்து நேரடியாக வந்த டி0 (மரபணு நுழைத்த முதல் தலைமுறை) செடிகளில் இன்னொரு சோதனையைத் தவறாமல் செய்யச் சொல்கிறேன். ஒருமுறை எங்கள் மாணவி ஒருவர் பத்துச் செடிகளை எண்ணியபோது 3.7, 5.2 என்று பொருந்தாத எண்களே வந்துகொண்டிருந்தன. ஒரு வாரம் பைப்பெட்டையும், பெருக்கும் பகுதியைக் குறிக்கும் ப்ரைமரையும் சந்தேகித்த பிறகுதான், இலைக்குள் அக்ரோபாக்டீரியம் தங்கியிருந்ததும், அதன் பிளாஸ்மிட்டில் (பாக்டீரியாவின் தனி வளைய டி.என்.ஏ.வில்) இருந்த மரபணுவையும் சேர்த்தே நாங்கள் எண்ணியதும் தெரிந்தது. அந்தப் பாக்டீரியாவில் உண்டு, ஆனால் டி-டி.என்.ஏ.வில் இல்லாத விர்-ஜி மரபணுவுக்குச் சாதாரண பி.சி.ஆர். ஒன்றை முதலில் ஓட்டியிருந்தால் அந்த வாரம் மிஞ்சியிருக்கும். அதில் பட்டை தெரிந்த மாதிரியை எண்ணாதீர்கள்; அடுத்த தலைமுறை விதைக்குக் காத்திருங்கள்.

எட்வின் சதர்ன் 1975-இல் வெளியிட்ட சதர்ன் பிளாட் முறை இன்றும் அளவுகோலாக நிற்கிறது. 10 மைக்ரோகிராம் அளவுக்கு உடையாத டி.என்.ஏ.வை வெட்டுநொதியால் இரவு முழுவதும் வெட்டி, 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் குறைந்த மின்னழுத்தத்தில் மெதுவாக ஓட்டி, காரக் கரைசலில் இழைகளைப் பிரித்து, நைலான் சவ்வுக்கு மாற்றி, தேடும் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும், அடையாளமிட்ட டி.என்.ஏ. துண்டான ப்ரோபுடன் இணைக்க வேண்டும். நொதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் இதன் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. டி-டி.என்.ஏ.வை ஒரே ஓரிடத்தில் வெட்டும் நொதியை எடுத்து, ப்ரோப் அந்த வெட்டுக்கு ஒரே பக்கத்தில் அமையுமாறு பார்த்துக்கொண்டால், துண்டின் மறுமுனை நெல்லின் சொந்த டி.என்.ஏ.வில் எங்கோ முடிவதால் தனித்தனி நகல்கள் வெவ்வேறு நீளத்தில் பட்டைகளாகத் தெரியும். ஆனால் மூன்று நகல்கள் ஒரே திசையில் வரிசையாகப் பதிந்திருந்தால் இடையில் வரும் இரண்டு துண்டுகளும் ஒரே நீளமாகி ஒன்றன்மேல் ஒன்று விழும். அங்கே மூன்று, இரண்டாகத் தோன்றும். ஆகவே டி-டி.என்.ஏ.வை வெட்டவே வெட்டாத இன்னொரு நொதியையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அது பதிந்த இடங்களின் எண்ணிக்கையைக் காட்டும்; இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் செடியின் உண்மை நிலை புரியும். நான்கைந்து நாள் பிடிக்கும் வேலை என்றாலும், ஒரு குழுவில் ஒரு செடியையாவது இப்படி உறுதி செய்துகொள்வது நல்லது.

அப்படி உறுதியான ஒற்றை நகல் செடிதான், பெருக்கத்தை ஒவ்வொரு சுழற்சியிலும் அளக்கும் நிகழ்நேர பி.சி.ஆரில் உங்களுக்கு ஒப்பீட்டுச் செடி. நுழைத்த மரபணுவோடு, நெல்லில் ஒற்றை நகலாக உள்ள சுக்ரோஸ் பாஸ்பேட் சிந்தேஸ் மரபணுவையும் அளந்து, இரண்டின் சி.டி. மதிப்பு (ஒளிர்வு குறித்த எல்லையைத் தாண்டும் சுழற்சி எண்) வேறுபாட்டை ஒப்பீட்டுச் செடியின் வேறுபாட்டோடு ஒப்பிட வேண்டும். முதலில் நீர்த்தல் வரிசை ஒன்றை ஓட்டி, நியமக் கோட்டின் (டி.என்.ஏ. அளவின் மடக்கைக்கு எதிரே சி.டி. மதிப்பை வரைந்த கோட்டின்) சாய்வு இரு மரபணுக்களுக்கும் −3.1-க்கும் −3.6-க்கும் இடையில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், −3.32 என்பது சுழற்சிக்குச் சுழற்சி சரியாக இரட்டிப்பதைக் குறிக்கும். ஒரு நகலுக்கும் இரண்டுக்கும் இடையே முழுதாக ஒரு சுழற்சி வேறுபாடு உண்டு. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே 0.42 சுழற்சிதான். மும்முறை ஓட்டியும் கிணறுகளுக்கிடையே 0.3 சிதறல் இருந்தால் மூன்றா நான்கா என்று சொல்லத் துணியக்கூடாது. ஒற்றை நகல் செடிகளைப் பொறுக்கி எடுக்க மட்டுமே இம்முறையை நான் நம்புகிறேன். அதற்கு இது மிக நன்றாகவே பயன்படுகிறது.

உயர்ந்த எண்களுக்கு நீர்த்துளி பி.சி.ஆர். பொருத்தமானது. 20 மைக்ரோலிட்டர் கலவை ஏறத்தாழ 20,000 துளிகளாகப் பிரிந்து, துளிக்குத் துளி ஒளிர்ந்ததா இல்லையா என்று மட்டும் எண்ணப்படுவதால், இதற்கு நியமக் கோடு தேவையில்லை. 10 நானோகிராம் நெல் டி.என்.ஏ.வில் 20,000-க்குச் சற்றே கூடுதலான ஒற்றை மரபுத்தொகுதிகள் (ஒவ்வொன்றும் குரோமோசோம்களின் ஒரு முழுத் தொகுப்பு) இருக்கும் என்பதால் 5 முதல் 10 நானோகிராம் போதும். ஓட்டுவதற்கு முன், பெருக்கும் பகுதிக்குள் வெட்டாத ஒரு நொதியால் டி.என்.ஏ.வை வெட்டிவிடுங்கள், இல்லையெனில் அடுத்தடுத்துள்ள இரு நகல்கள் ஒரே துளிக்குள் போய் ஒன்றாகவே எண்ணப்படும்.

கணக்கில் பலர் தடுமாறும் இடம் இது. 20,000 துளிகளில் நெல்லின் சொந்த ஒப்பு மரபணுவுக்கு 10,000 ஒளிர்ந்தால், சில துளிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை விழுந்திருக்கும் என்பதால் சராசரி துளிக்கு 0.5 அன்று, ஒளிராத பங்கின் இயல் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றினால் 0.693 வரும். நுழைத்த மரபணுவுக்கு 5,858 ஒளிர்ந்தால் அதே வழியில் 0.347. விகிதம் 0.5, இரட்டைத் தொகுதிக்கு 2-ஆல் பெருக்கினால் சரியாக 1. துளிகளை அப்படியே வகுத்திருந்தால் 1.17 என்று வந்திருக்கும். கருவியின் மென்பொருள் இதைத் தானே செய்துவிடும் என்றாலும், முதல் தட்டை மட்டுமாவது மாணவர்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

டி0 செடியில் 0.6 அல்லது 1.4 போன்ற எண் திரும்பத் திரும்ப வந்தால் அதை அருகிலுள்ள முழு எண்ணுக்குத் தள்ளிவிடாதீர்கள். செடியின் சில செல்களில் மட்டும் மரபணு பதிந்திருக்கலாம். வேறொரு தூரின் இலையை எடுத்து மீண்டும் அளங்கள். பிறகு அந்தச் செடி தரும் டி1 (அடுத்த தலைமுறை) விதைகளை, எதிர்ப்பு மரபணு இல்லாத கன்றுகளைக் கொல்லும் ஹைக்ரோமைசின் ஊடகத்தில் முளைக்கவிட்டால், ஓரிடப் பதிவு எனில் தாங்கியவையும் மடிந்தவையும் 3:1 என்றும், தொடர்பற்ற ஈரிடங்கள் எனில் 15:1 என்றும் பிரியும். ஒற்றை நகல் குடும்பத்தின் டி1 கன்றுகளில் நீர்த்துளி முறை 2 என்று (அதாவது இரு குரோமோசோம்களிலும் மரபணு இருப்பதாக) காட்டுபவற்றைத் தனியே குறித்து விதைக்கு வையுங்கள். மீதமுள்ள இலை, வேர், ஊடகம் அனைத்தையும் 121 பாகையில் ஆட்டோகிளேவ் செய்த பின்னரே வெளியே அனுப்புங்கள்.