அடையாள அட்டை எண், எண் அல்ல

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், நான் கைபேசிக்குச் செய்த படிவத்தை நிரப்பப் பார்த்த அக்கா ஒருவர் கைபேசியை என்னிடமே நீட்டினார்: “தம்பி, இதில் ‘வி’ எங்கே இருக்கிறது?” தவறு என்னுடையதுதான். அடையாள அட்டை எண் கேட்கும் இடத்தில், எண் என்ற பெயரை நம்பி, இலக்கங்கள் மட்டும் உள்ள விசைப்பலகையை வைத்துவிட்டேன். பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களுக்குப் பின் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ வரும். 2016 முதல் வழங்கப்படும் புதியதில் 12 இலக்கங்கள் மட்டுமே.

ஆகவே அந்த இடத்தில் எழுத்தும் இலக்கமும் ஏற்கும் பெட்டியையே வையுங்கள். சிறிய எழுத்தில் தட்டினாலும், நடுவில் இடைவெளி விட்டாலும் நிரலே திருத்திக்கொள்ளட்டும். சிவப்பு எழுத்தில் அதட்டுவது எதற்கு? தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். எண்ணாகச் சேமித்தால் முன்னாலுள்ள பூச்சியம் காணாமல் போய்விடும்.

சோதிக்கும்போது திரை கீறிய பழைய கைபேசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாக் குளிரில் விறைத்த விரல் என்றால் இன்னும் நல்லது.