டிரைவைக் குறை, லெவலைக் கூட்டு: மெற்றல் கிற்றாருக்கு ஓவர்டிரைவ் பெடல் எடுப்பது எப்படி

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு தம்பி புதுசாக வாங்கின ஓவர்டிரைவ் பெடலோடு, கிற்றாருக்கும் அம்பிளிபையருக்கும் நடுவில் வைத்துக் காலால் அமத்துகிற அந்தப் பெட்டியோடு, என்னட்ட வந்தான். "அண்ணன், இத அமத்தினா மறுகா ஒண்ணும் விளங்குதில்ல, ஒரே கூழாக் கிடக்கு" என்றான். பார்த்தால் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற டிரைவ் குமிழ் முழுக்கத் திருகியிருக்கு, பெடலிலிருந்து வெளியே போகும் சத்தத்தின் அளவைக் கூட்டுகிற லெவல் பாதியில் நிற்குது. நானும் முதல் ஒரு வருசம் அப்படித்தான் வைத்து வாசித்தேன். அதனால் சிரிக்க வாய் வரவில்லை.

மெற்றல் இசையில் இந்தப் பெடலை டிஸ்ரோர்ஷனை, அதாவது அந்தக் கரகர உறுமலை, கூட்டுவதற்கு வாங்குவதில்லை. டிஸ்ரோர்ஷன் அம்பிளிபையரிலேயே இருக்க வேண்டும். பேஸ் என்கிற அடிச்சத்தத்தை வெட்டி, நடு ஒலியைத் தூக்கி, சிக்னலை அம்பிளிபையரின் வாய்க்குள் தள்ளிவிடுவதுதான் பெடலின் வேலை. இதைத்தான் பூஸ்ற் என்பார்கள்.

படி 1: கையில் உள்ள அம்பிளிபையர்

கெயின் சனல், அதாவது தானே டிஸ்ரோர்ஷன் தரும் பக்கம், இருக்கா? இருந்தால் சின்னப் பெட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, தொடர்ந்து படியுங்கள். கரகரப்பில்லாத கிளீன் சத்தம் மட்டும்தான் வருமென்றால் ஓவர்டிரைவ் வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவை டிஸ்ரோர்ஷன் பெடல்.

படி 2: பேஸை ஏன் வெட்ட வேண்டும்

கிற்றாரின் தடித்த E கம்பி 82 ஹேர்ட்ஸில் அதிரும். அந்தக் கம்பியை மட்டும் D-க்கு இறக்கினால் (டிரொப் D) 73. இந்த அடிச்சத்தம் குறையாமல் டிஸ்ரோர்ஷனுக்குள் போனால் கஞ்சி வடிக்காத சோறு மாதிரிக் குழைந்துவிடும். குழைந்த பிறகு வடிக்க ஏலாது. பல அம்பிளிபையர்களில் பேஸ் குமிழ் டிஸ்ரோர்ஷனுக்குப் பிறகுதான் இருக்கிறது, அதைக் குறைத்தால் குழைந்த சோறு கொஞ்சம் குறையுமே தவிர உதிராது. வடிப்பது முன்னாலேயே நடக்க வேண்டும்.

ஐபனெஸ் ரியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல் மெற்றல்காரரிடம் இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம் இதுதான். அதன் சுற்றில் ஏறத்தாழ 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் படிப்படியாகக் குறைவாகத்தான் பெருக்கப்படும். டிரைவைப் பூச்சியத்தில் வைத்தால் பெடல் சும்மா கிடக்குமே என்று கேட்பார்கள். கிடக்காது. அப்போதும் அதன் முதல் கட்டம் மேல் ஒலிகளைச் சுமார் 12 மடங்கு பெருக்கும்.

படி 3: எதை வாங்குவது

ரியூப் ஸ்கிரீமர் 808 1979இல் வந்தது, அதே வரிசையின் ரிஎஸ்9 1982இல். இடையில் 1981இல் பொஸ் எஸ்டி-1 வந்தது. முதல் பெடலென்றால் நான் எஸ்டி-1ஐத்தான் சொல்வேன், அதுவும் பாவித்தது. அதே வேலையை மலிவாகச் செய்கிறது, கீழே விழுந்தாலும் தாங்கும்.

வேறு பெயர் போட்ட பெடல் அகப்பட்டால் இரண்டு விசயம் பாருங்கள். அமத்தியதும் பேஸ் மெலிகிறதா? டிரைவ் பூச்சியத்தில் இருக்க, லெவலால் மட்டும் சத்தத்தை நன்றாக ஏற்ற முடிகிறதா? கிற்றாரின் இயற்கைச் சத்தத்தை மாற்றாமல் தரும் என்று புகழப்படும் ஓவர்டிரைவ்கள் புளூஸுக்கு நல்லவை, நமக்கு அந்த நேர்மை வேண்டாம். ஏழு கம்பி, எட்டு கம்பிக்காரருக்கு பிரிசிஷன் டிரைவ் என்ற பெடல் இருக்கிறது. பேஸை எவ்வளவு வெட்டுவது என்று அதில் நீங்களே தெரிவு செய்யலாம், ஆனால் விலை கடிக்கும். 1983இல் வந்த பொஸ் எச்எம்-2 வேறு சாதி: சுவீடன் டெத் மெற்றல்காரர் குமிழ்களை முழுக்கத் திருகி வாசித்த டிஸ்ரோர்ஷன் அது. பூஸ்ற் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

படி 4: குமிழ்கள்

கிற்றாரிலிருந்து பெடல், பெடலிலிருந்து அம்பிளிபையரின் முன் இன்புற். பின்னால் உள்ள எபெக்ற்ஸ் லூப்பில் செருக வேண்டாம். டிரைவ் பூச்சியம், மேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ரோன் நடுவில், லெவல் முழுக்க. இதைக் கெயின் சனலில் செய்யுங்கள். கிளீன் சனலில் ஹெட்போனோடு செய்தால் காது போகும். பிறகு அம்பிளிபையரின் கெயினை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறக்குங்கள்.

உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜில் வைத்து தடித்த கம்பியை எட்டுத் தரம் வேகமாக அடியுங்கள். பெடல் இல்லாமல் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடிதான் முதலில் அதிரும். பெடலோடு எட்டு அடியும் எட்டாகவே கேட்கும், கண்ணாடி பேசாமல் இருக்கும். சத்தம் காதைக் குத்தினால் ரோனைக் குறையுங்கள்.

படி 5: கரண்டும் உப்புக்காற்றும்

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ற், நடுமுனை மறை (−). வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடப்டர் பெரும்பாலும் எதிர்ப்பக்கம், செருகினால் பெடல் போய்விடலாம். அடப்டரில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். இரைகிறது என்று அம்பிளிபையர் பிளக்கின் எர்த் காலை உடைக்கிற பொடியன்களைப் பார்த்திருக்கிறேன். கம்பியில் கை வைக்கும் ஆளுக்கு அது உயிராபத்து.

பூஸ்ற் போட்டால் வாசிக்காத நேரமும் இரைச்சல் கூடும். எங்கள் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள். அது வாவிக்குள் பாடினால் போதும், அம்பிளிபையருக்குள் வேண்டாம். முதலில் கெயினை இறக்கிப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மட்டும், வாசிக்காத நேரம் சத்தத்தை அடைக்கும் நொய்ஸ் கேற்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற எங்களுக்கு இன்னொரு கரைச்சலும் உண்டு: ஜக்குகளில் களிம்பு பிடிக்கும். பாவித்த பெடலென்றால் காசு கொடுக்க முதல் ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகி கரகரக்கிறதா என்று கேளுங்கள், பற்றரி மூடியைத் திறந்து கௌவியில் பச்சை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குமிழ் கரகரப்பு கொன்ராக்ற் கிளீனருக்குப் போகும். பச்சை சுற்றுப் பலகை வரை இறங்கியிருந்தால் பெடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.